ஏழரை மணி மாத்திரை

நெய்வேலி, பதினெட்டாம் பிளாக்
19.8.2012

மாமாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்றுதான் போனில் கேட்டேன், "ம்" என்றீர்கள். நீங்கள் "ம்" போட்டால் பக்கத்தில் நல்லசாமி அண்ணன் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். ஒரே அறையில் மூன்று கட்டில் போட்டுக்கொண்டு கிடக்கிறவர்கள் பெண்டாட்டியிடம் போனில் என்னதான் பேசுவார்கள், பாவம். அதனால் இனிமேல் கடிதம். மனதில் இருப்பதைக் கடிதத்தில்தான் எழுத முடியும்.

நீங்கள் மாற்றலாகி ராஜஸ்தான் போய் நாற்பது நாளாகிறது. இந்தச் சின்னக் குவார்ட்டர்ஸ் திடீரென்று பெரிதாகிவிட்டது. பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் ஒருத்தர் கிளம்பிப் போனால் பாதி வீடு போன மாதிரிதான். மீதிப் பாலை என்ன செய்வதென்று தெரியாமல் நானே இரண்டு தடவை காபி குடிக்கிறேன்.

ஆகவே ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். கோபப்படாமல் படியுங்கள். மந்தாரக்குப்பத்தில் ஓர் அறக்கட்டளை இருக்கிறதல்லவா, அங்கே வேலை செய்கிற மாரியம்மாள் அக்கா வந்திருந்தார். எச்.ஐ.வி. வந்த குடும்பங்களில் இருக்கும் பிள்ளைகள் ஐந்து பேருக்குச் சாயங்காலம் டியூஷன் எடுக்க முடியுமா என்று கேட்டார். ஒரு வீட்டில் அப்பா இல்லை, ஒரு வீட்டில் அம்மா படுத்த படுக்கை. உட்காரவைத்துப் பாடம் கேட்க ஆள் கிடையாது. நானோ கணக்கில் பி.எஸ்சி. முடித்துவிட்டு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கிறேன். சரி என்றேன்.

அந்த ஐந்து பேர் யார் என்று வெளியே தெரியக்கூடாது. அதற்காக நம் பிளாக் பிள்ளைகள் ஏழு பேரையும் சேர்த்துக்கொண்டேன். பன்னிரண்டு பேர் கலந்து உட்கார்ந்தால் யார் எந்த வீடு என்று எவர் கண்டார்? அடுத்த குவார்ட்டர்ஸ் பெரியநாயகி அக்கா தன் மகன் வளவனை முதல் ஆளாகக் கொண்டுவந்து விட்டார். அந்த ஐவர் யார் யார் என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன். பையனா பெண்ணா என்றுகூடக் கேட்காதீர்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

செந்தாமரை

*

பர்சிங்சர், ராஜஸ்தான்
2.9.2012

தாமரை,

கடிதம் வந்தது. நல்லசாமி பிடுங்கிப் படிக்கப் பார்த்தான், கொடுக்கவில்லை.

இங்கே நிலக்கரி வெட்டுகிறது ஒன்றுதான் நம் ஊர் மாதிரி. மற்றதெல்லாம் மணல். துணி, தலையணை, வாய் எல்லாவற்றிலும் மணல். மெஸ்ஸில் தினமும் ரொட்டியும் பருப்பும். சனிக்கிழமை மட்டும் நம்மவர் ஒருவர் சோறு வடித்து ரசம் வைப்பார். அன்றைக்கு நெய்வேலி ஆட்கள் பதினாறு பேரும் நீள மேசையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுவோம். உண்மையைச் சொன்னால் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் ஓட்டுகிறேன்.

டியூஷன் எடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நீ நினைக்கிற மாதிரி பிளாக்கில் யாருக்கும் கண் இல்லாமல் இல்லை. பெரியநாயகி அக்காவுக்கு இரண்டு கண் போதாது. கம்மாபுரத்தில் இருக்கும் என் அண்ணிக்குச் செய்தி போக அரை நாள் ஆகாது. ஜாக்கிரதை.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயாம். கட்டின புருஷனிடம் மறைக்கக் கையெழுத்து! சரி, நான் கேட்கவில்லை.

குமரவேல்

*

நெய்வேலி
14.10.2012

மாமாவுக்கு,

ஒரு வேடிக்கை. ஐந்து பேரில் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பு. அதற்குக் காலை ஏழரைக்கும் மாலை ஏழரைக்கும் மாத்திரை. நேரம் தப்பவே கூடாதாம். நம் டியூஷன் எட்டு மணிக்குத்தான் முடியும். முதல் வாரம் அது ஏழேகாலில் இருந்தே வேர்த்துப்போய் உட்கார்ந்திருக்கும். பிறகு பாத்ரூம் போகிறேன் என்று எழுந்துபோய் அங்கே குழாய்த் தண்ணீரில் விழுங்கும். ஒரு நாள் வளவன் கேட்டுவிட்டான், "டெய்லி ஏழரைக்கு உனக்கு என்ன வருது?" என்று. எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை தலையை நோட்டுக்குள் விட்டுக்கொண்டது. 

மறுநாள் கடைக்குப் போய் ஆரஞ்சு நிறச் சத்து மாத்திரை ஒரு டப்பா வாங்கிவந்தேன். சப்பிச் சாப்பிடுகிற புளிப்பு மாத்திரை. எல்லா அம்மாக்களிடமும் சொல்லிவிட்டேன். இப்போது ஏழரை அடித்தால் பன்னிரண்டு பேரும் கை நீட்டுவார்கள், நானும் ஒன்று போட்டுக்கொள்வேன். நடுவில் அதுவும் தன் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிடும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அது இப்போது கணக்கில் எண்பதுக்கு மேல் வாங்குகிறது. அந்த ஏழரை மணிக்கு எனக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே, இந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் வந்ததில்லை.

அதன் வீட்டுக்கு உறவுக்காரர்கள் இரண்டு மாதம் தங்க வந்திருக்கிறார்கள். ஒரே அறை வீடு. அதனால் காலை மாத்திரையைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு டப்பாவை என்னிடம் விட்டுப் போகிறது. நான் அதை ஒளித்துவைக்கவில்லை. ஒளித்தால்தானே சந்தேகம் வரும்? பிரிட்ஜ் மேலே, சத்து மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உங்கள் பெண்டாட்டி புத்திசாலி.

செந்தாமரை

*

பர்சிங்சர்
26.11.2012

செந்தாமரை,

சனிக்கிழமை ரசச் சாப்பாட்டுக்குப் போனேன். என் இரண்டு பக்கமும் ஆள் உட்காரவில்லை. நான் நகர்ந்து உட்கார்ந்தேன், அவர்களும் நகர்ந்தார்கள். நல்லசாமி தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்று சாப்பிட்டான். பின்னாலேயே போய்ச் சட்டையைப் பிடித்தேன். அப்புறம்தான் சொன்னான். "ஊருல இருந்து போன் வந்துச்சு குமாரு. ஒன் வூட்டுல அந்த நோவுக்கு மாத்திரை சாப்பிட்டுகினு இருக்குதாமே. அதுவே பத்து பேருக்கு முன்னாடி சொல்லுச்சாம். எங்கிட்ட மறைச்சிட்டியேடா."

அண்ணியும் போன் செய்தாள். அவர்கள் வீட்டுக் குழந்தைக்குக் காது குத்து வைத்திருக்கிறார்களாம், நீ வர வேண்டாம் என்று நானே உன்னிடம் சொல்லிவிட வேண்டுமாம்.

மூன்று நாளாக உன் போனை நான் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன கேட்பேன் என்று எனக்கே பயம். எழுதிக் கேட்கிறேன். உனக்கா?

குமரவேல்

*

நெய்வேலி
4.12.2012

மாமாவுக்கு,

எனக்கில்லை.

நடந்ததை எழுதுகிறேன். நீங்களே சொல்லுங்கள், நான் வேறு என்ன செய்திருக்க முடியும்?

பெரியநாயகி அக்கா தீபாவளிப் பலகாரம் கொண்டுவந்தார். நான் பாத்திரத்தைக் காலி செய்து கொடுக்க உள்ளே போனேன். அந்த இடைவெளியில் பிரிட்ஜ் மேலிருந்த மாத்திரை டப்பாவைப் பார்த்து, பெயரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அவர் தம்பி மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்கிறான். புத்திசாலிப் பெண்டாட்டி என்று எழுதினேனே, அந்த வாயை நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் ஏழரைக்கு வந்தார்கள். பெரியநாயகி அக்கா, எதிர் வீட்டம்மா, இன்னும் மூன்று பேர். பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா நேராகப் போய் டப்பாவை எடுத்துவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எங்க புள்ளைங்களுக்கு தெனம் என்ன மாத்திரைய குடுத்துகினு இருக்க? இது எயிட்ஸ் மாத்திரையாம். எந் தம்பி சொல்றான். யாருக்கு வந்துருக்குது? எவனோட எம் புள்ளைய ஒக்கார வச்சிருக்க, சொல்லு!"

அந்தப் பிள்ளையை நான் பார்க்கவில்லை. பார்த்தால் எல்லாரும் அங்கே பார்ப்பார்கள். ஆனால் ஓரக்கண்ணில் தெரிந்தது. நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் போனால் அதுவே அழுது காட்டிக்கொடுத்துவிடும் போல இருந்தது. பொதுத்தேர்வுக்கு நான்கு மாதம்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் அதன் பெஞ்சில் நம் பிளாக் பிள்ளைகள் இரண்டு பேர் உட்காருகிறார்கள்.

"உங்க பிள்ளைக்குக் கொடுத்தது ஆரஞ்சு மாத்திரை அக்கா. இது எனக்கு" என்றேன்.

சொல்லிவிட்டு அதிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு திரும்பி நின்றேன். அவர்கள் போனதும் துப்பிவிட்டேன். ஒரு மாத்திரைகூட அதற்குக் குறையக்கூடாது, மாரியம்மாள் அக்காவிடம் சொல்லி ஈடு கட்டியாயிற்று.

உங்களை அந்த நேரத்தில் நினைக்கவில்லை. என் பெயரைச் சொன்னால் உங்கள் பெயரும் சேர்ந்தது என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. அதற்காக என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் "உனக்கா" என்று கேட்டது எனக்கு வலிக்கிறது.

பொங்கலுக்கு வருகிறீர்கள்தானே?

செந்தாமரை

*

பர்சிங்சர்
20.1.2013

தாமரை,

பொங்கலுக்கு எடுத்த டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டேன். உன் முகத்தில் விழிக்க ஒரு காரணத்தால் முடியவில்லை. மறைத்தால் அது என்னோடே கிடந்து அரிக்கும்.

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே பிகானேர் போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் போகும்போது உன்னைப் பற்றி நினைக்கக்கூடாததெல்லாம் நினைத்தேன். 'இல்லை' என்று தாள் கொடுத்தார்கள். வெளியே வந்து ஒரு டீ குடித்தேன், நிம்மதியாக இருந்தது. மூன்று நாள் கழித்து உன் கடிதம் வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நீயும் போய் ஒரு டெஸ்ட் எடு. அந்தத் தாளைப் பெரியநாயகி அக்கா முகத்தில் வீசு. இரண்டு பேர் தாளும் சுத்தம் என்றால் ஊர் வாய் மூடும். நான் இங்கே தனியாகச் சாப்பிடுகிறேன் தாமரை. என் டம்ளரை எடுத்துத் தனியாக ஓர் ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். நல்லசாமி அறை மாற்றிக்கொண்டு போய்விட்டான். இவர்களோடு பத்தொன்பது வருஷம் ஒரே மைன்ஸில் இறங்கி ஏறியிருக்கிறேன். யார் பிள்ளைக்காகவோ நான் ஏன் இதைச் சுமக்க வேண்டும்?

குமரவேல்

*

நெய்வேலி
3.2.2013

மாமாவுக்கு,

ரத்தம் கொடுத்ததைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அவ்வளவுதான்.

டெஸ்ட் எடுக்கச் சொல்கிறீர்கள். என் தாளில் 'இல்லை' என்று இருந்தால் அடுத்த நிமிஷம் என்ன கேட்பார்கள்? அப்படியென்றால் அந்த டப்பா யாருடையது என்று கேட்பார்கள். பன்னிரண்டு பேரில் ஒவ்வொரு முகமாகத் தேடுவார்கள். என் தாள் சுத்தம் என்று காட்டினால் அந்தப் பிள்ளையைத் தெருவில் நிறுத்தினதுக்குச் சமம். நான் காட்ட மாட்டேன்.

டியூஷன் நின்றுவிட்டது. பிளாக் பிள்ளைகள் ஏழு பேரும் மறுநாளே நின்றார்கள். மற்ற ஐந்து பேர் வாசல் வரை வந்தார்கள். நான்தான் உள்ளே விடவில்லை. ஏழு பேர் நின்றபிறகு ஐந்து பேர் மட்டும் வந்தால் ஊரே எண்ணிப் பார்த்துவிடும். "ஏன் மிஸ் நாங்க என்ன பண்ணோம்?" என்று அதில் சின்னது கேட்டது. கதவைச் சாத்தினேன். மாமா, அன்றைக்கு அழுதது போல நான் எதற்கும் அழுததில்லை.

நான்கு பேருக்கு மாரியம்மாள் அக்கா வேறு இடம் பார்த்துவிட்டார். பத்தாம் வகுப்புப் பிள்ளை மட்டும் வேறு யாரிடமும் போக மாட்டேன் என்றுவிட்டது. அதன் அம்மா ஒரு நாள் கொல்லைப்பக்கம் வந்து நின்றார். "நீங்க எங்களுக்காக இம்மாம் பெரிய பழிய தூக்கிகினு நிக்கிறீங்க. எம் புள்ள சோறு துன்ன மாட்டுது. நான் போய் எல்லார்கிட்டயும் சொல்லிடட்டுமா?" என்றார். வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்தேன். என் கையை யாராவது தொட்டு அன்றைக்கு முப்பது நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

இப்போது ஒரு கணக்கு நோட்டு வருகிறது. எப்படி வருகிறது என்று கேட்காதீர்கள். காலையில் வரும், சிவப்பு மையில் திருத்தி வைப்பேன், மறுநாள் போகும். பக்கத்தின் அடியில் 7.30 என்று எழுதி ஒரு டிக் போட்டிருக்கும். மாத்திரை போட்டாயிற்று என்று எனக்குச் சொல்கிறது. நான் அந்த டிக்குக்குப் பக்கத்தில் சிவப்பில் இன்னொரு டிக் போட்டு அனுப்புகிறேன். இந்த வீட்டில் ஒரு நாளைக்கு நான் இன்னொரு உயிரோடு பேசுகிறது அவ்வளவுதான்.

யார் பிள்ளைக்காகவோ என்று எழுதியிருக்கிறீர்கள். அது யார் பிள்ளை என்று சொன்னால்தான் உங்களுக்குச் சுமை குறையுமா?

செந்தாமரை

*

பர்சிங்சர்
14.4.2013

தாமரை,

பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

பேப்பரில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததாகப் போட்டிருக்கிறது. அது கணக்குப் பரீட்சை நன்றாக எழுதியதா? கடைசிக் கேள்வி வரைபடம் கஷ்டமாம், இங்கே ஒருவர் தன் மகள் சொன்னதாகப் பேசிக்கொண்டிருந்தார். தூரத்தில் உட்கார்ந்து காதில் வாங்கினேன்.

குமரவேல்

*

நெய்வேலி
2.6.2013

மாமாவுக்கு,

வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது. கணக்கில் தொண்ணூற்று ஏழு. நம்பர் எனக்குத் தெரியுமாதலால் நெட் சென்டரில் போய் நானே பார்த்தேன். கடைக்காரப் பையன் "உங்களுக்கு யாருங்க?" என்றான். தெரிந்த பிள்ளை என்றேன். வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன். வைத்துவிட்டுப் பார்த்தால் கொடுக்க ஆள் இல்லை. பெரியநாயகி அக்கா வீட்டு ஜன்னல் திறந்திருந்தது, என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. மூன்று பேர் குடிக்கிற பாயசத்தை நானே மூன்று வேளையும் குடித்தேன்.

நேற்றுக் காலை கொல்லைப் படியில் நோட்டு இருந்தது. எத்தனையோ நாள் கழித்து. ஓடிப்போய் எடுத்தேன். உள்ளே கணக்கு இல்லை. நான்கு வரி இருந்தது. அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, யாருக்கும் சொல்லாமல் போகிறோம், எந்த ஊர் என்று எழுத அம்மா வேண்டாம் என்றார், மன்னித்துவிடுங்கள் மிஸ். அடியில் 7.30, டிக்.

போகட்டும். இந்த ஊரை அறியாத இடத்தில் பதினொன்றாம் வகுப்பில் போய் உட்காரட்டும். அதற்காகத்தானே எல்லாம். நான் அதன் மேல் வருத்தப்படவில்லை. ஆனால் மாமா, இனிமேல் ஏழரைக்கு அது மாத்திரை போட்டதா இல்லையா என்று எனக்கு யார் சொல்வார்கள்?

சத்து மாத்திரை டப்பாவில் பாதி மீதி இருக்கிறது. நேற்று ஏழரைக்கு ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டேன். பழக்கம் விடவில்லை. பன்னிரண்டு பேர் உட்கார்ந்த பாய் சுருட்டி மூலையில் கிடக்கிறது. நேற்று போட்டேன், இன்றைக்கும் போடுவேன். எனக்குத்தான் என்று சொன்னேன் அல்லவா, அப்படியே இருக்கட்டும்.

உங்களை வா என்று எழுதக் கை வரவில்லை. வராதீர்கள் என்று எழுதவும் வரவில்லை.

செந்தாமரை

*

பர்சிங்சர்
20.6.2013

தாமரை,

உன் கடிதம் பத்தாம் தேதி கிடைத்தது. அன்றைக்கு ஷிப்ட் முடிந்து கடைத்தெருவுக்குப் போனேன். ஆரஞ்சு மாத்திரை என்று இந்தியில் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. பழக்கடையைக் கைகாட்டி, பிறகு என் வாயைக் காட்டி ஒருவழியாக வாங்கிவிட்டேன்.

மெஸ்ஸில் நீள மேசையின் கடைசியில் என் இடம். ஏழரைக்கு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசையில் 'டக்'கென்று வைத்தேன். ஒன்றை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி வாயில் போட்டேன். ரொட்டியைப் பிய்த்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. நல்லசாமிதான் வாயைத் திறந்தான். "என்னா மாத்திரைடா அது?"

"எங்க வூட்டுல அவளுக்கு என்னவோ, எனக்கும் அதான்" என்றேன்.

 அவன் எழுந்து போகவில்லை. அதற்குமேல் அவனிடம் நான் எதிர்பார்க்கவும் இல்லை. மற்றவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

பிகானேர் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை யார் என்று இனி ஒருநாளும் கேட்க மாட்டேன். ஊருக்கு வரும்போது பெரியநாயகி அக்கா கேட்டாலும், அண்ணி கேட்டாலும், நமக்குத்தான் என்று சேர்ந்தே சொல்வோம். ஆகஸ்டில் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீ வா என்று எழுத வேண்டாம், வந்துவிடுவேன்.

அங்கே ஏழரைக்கு நன்றாக இருட்டியிருக்கும். இங்கே இன்னும் வெளிச்சம் போகவில்லை. விளக்குப் போடாமலேயே இதை எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளை போட்டதா என்று என்னால் சொல்ல முடியாது. நான் போட்டதைச் சொல்லலாம். கீழே பத்தாம் தேதியிலிருந்து இன்று வரை எழுதியிருக்கிறேன், பதினொரு நாள். ஒவ்வொன்றுக்கும் நேராக 7.30, ஒரு டிக். பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். சிவப்பு மையில் நீ டிக் போட்டுத் திருப்பி அனுப்பு.

குமரவேல்